எந்தச் சலிப்பு நம்முடையது?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குக் ‘கல்லூரிப் படிப்பும் வேலைவாய்ப்பும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இப்போது எந்தப் படிப்புக்கு மவுசு என்று பட்டியல் வாசிப்பேன் என நினைத்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள் சிலர் முன்வரிசையில் தெரிகிறார்கள். அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை. நான் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எலக்ட்ரானிக்ஸ் என்றார்கள். பிறகு கம்ப்யூட்டர். நடுவில் கொஞ்ச காலம் பயோடெக்னாலஜி. இப்போது டேட்டா சயின்ஸும் ஏ.ஐ.யும். ஒவ்வொரு பட்டியலையும் நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் படித்து வெளியே வரும்போது பட்டியல் மாறியிருந்தது. அதனால் நான் அதில் கை வைப்பதில்லை.

நம் ஊரில் ஒரு பிள்ளையின் படிப்பு எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா என்ற கேள்வி வருகிறது. வயது பதினைந்து, பதினாறு. மார்க்கைப் பார்த்துத் தலைமையாசிரியர் சொல்கிறார், அல்லது கூடப் படித்தவன் சேர்ந்த குரூப்பிலேயே இவனும் சேர்கிறான். கணிதம் இல்லாத குரூப் என்றால் பொறியியல் கதவு பெரும்பாலும் அன்றைக்கே மூடிவிடுகிறது. கணிதம் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் 200-க்குக் கட்-ஆஃப்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிறகு பிரவுசிங் சென்டரில் அப்பா பின்னால் நிற்க, சாய்ஸ் ஃபில்லிங். கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைக்காவிட்டால் ஐ.டி., அதுவும் இல்லாவிட்டால் இ.சி.இ. இந்த வரிசையைப் போட்ட பிள்ளைகளிடம் இ.சி.இ.யில் என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு சிலரைத் தவிர யாரும் பதில் சொன்னதில்லை. கலைக் கல்லூரியில் இன்னும் எளிது. என் வகுப்பில் முதலாமாண்டு பிள்ளைகளிடம் ஏன் வரலாறு எடுத்தீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்பேன். “பி.காம். கேட்டேன் சார், முடிஞ்சிருச்சு, ஹிஸ்டரி குடுத்தாங்க.” பாதி வகுப்பின் பதில் இதுதான்.

இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாம்தான் சொல்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் மேஜர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை வேதியியலும் படிக்கலாம், நாடகமும் படிக்கலாம். ஸ்காட்லாந்திலும் நான்காண்டுப் படிப்பில் முதல் இரண்டாண்டு பல பாடங்களைப் படித்துவிட்டுத்தான் ஒன்றில் இறங்குகிறார்கள். அதே தீவில் இருக்கும் இங்கிலாந்திலோ நம்மைப் போல: சேரும்போதே இன்ன பாடம் என்று சேர வேண்டும், மூன்றாண்டு. ஓஃபர் மாலமுத் என்ற பொருளியலறிஞர் இந்த இரண்டு நாட்டுப் பட்டதாரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முன்கூட்டியே ஒரு பாடத்தில் இறங்கிய இங்கிலாந்துப் பிள்ளைகள்தான், படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் பின்னாளில் அதிகமாக மாறிப் போயிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் மிச்சமான காலம் அங்கே கரைந்துவிட்டது.

நமக்கு இது புதிய செய்தியா? சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள். மெக்கானிக்கல் படித்தவர், சிவில் படித்தவர், பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு எம்.சி.ஏ. முடித்தவர் என்று எல்லாரும் இருப்பார்கள். நாமும் தேடத்தான் செய்கிறோம். நான்காண்டு கட்டணம் கட்டி முடித்த பிறகு தேடுகிறோம்.

அமெரிக்காவைப் போல நம் கல்லூரிகளும் மாற வேண்டும் என்று பேசிவிட்டுப் போவது சுலபம். பல துறைகளை மேய்ந்து பார்த்துப் பிறகு முடிவெடுக்க வைக்கும் கல்லூரிகள் நம் நாட்டிலும் வந்துவிட்டன. அவற்றின் கட்டணத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு இந்த அறையில் எடுபடாது என்று தெரியும். இருக்கிற கல்லூரியில், இருக்கிற மூன்றாண்டில், கையைக் கடிக்காமல் எப்படித் தேடுவது என்பதைத்தான் பேசப் போகிறேன். அதற்கு முன்னால், எதைத் தேடுவது என்று ஒன்று இருக்கிறது.

‘உனக்குப் பிடித்ததைப் படி’ என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு இந்த அறிவுரையில் நம்பிக்கை குறைவு. பிடித்தது என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் அந்தத் துறையின் மாலை மரியாதையை. கீழடி அகழாய்வு செய்தியில் வரத் தொடங்கிய பிறகு, தொல்லியல் படிக்க வேண்டும் என்று என் அறைக்கு வந்த பிள்ளைகள் நிறைய. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓட்டின் படத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். யாருக்குத்தான் உடல் சிலிர்க்காது! ஆனால் அந்த ஒரு ஓட்டுக்குப் பின்னால் எழுத்தே இல்லாத ஆயிரக்கணக்கான ஓடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தண்ணீரில் கழுவ வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மையால் பொடி எழுத்தில் எண் எழுத வேண்டும். கறுப்பு-சிவப்பு ஓடு தனி, வெறும் சிவப்பு தனி, கழுத்துப் பகுதி தனி, அடிப்பகுதி தனி என்று பிரிக்க வேண்டும். வெயில் காலத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, நாள் முழுக்க. தொல்லியல் என்பது பெரும்பாலும் இதுதான். இந்த வேலையில் ஒருவன் மணி பார்க்காமல் உட்கார முடிகிறதா? முடிந்தால் அவன் தொல்லியல்காரன். படத்தைப் பார்த்துச் சிலிர்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

எல்லாத் துறைக்கும் தனக்கென்று ஒரு சலிப்பு உண்டு. வேதியியலில் ப்யூரெட் அளவு இரண்டு தடவை ஒன்றுபோல வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. மென்பொருளில் நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஏன் நின்றது என்று வரிவரியாகத் தேடுவது. வழக்கறிஞர் தொழிலில் வாய்தா. பத்திரிகையில் இறந்தவரின் இனிஷியல் சரியா என்று மூன்று பேருக்குப் போன் போடுவது. துறையின் பெருமை எல்லாருக்கும் பிடிக்கும். சலிப்பு சிலருக்குத்தான் தாங்கும். ஆகவே எந்தத் துறை நமக்குப் பொருந்தும் என்று கேட்பதைவிட, எந்தச் சலிப்பு நமக்குத் தாங்குகிறது என்று கேட்பது உருப்படியான கேள்வி. அதைப் புத்தகம் படித்தோ, யூடியூப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நேரமாவது கையால் செய்து பார்க்க வேண்டும். அப்படிச் செய்து பார்க்க மிக மலிவான இடம் கல்லூரி.

பெரியவர்கள் வாழ்க்கையிலிருந்து இதற்குச் சான்று காட்டலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஐம்பதுகளில் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் அப்துல் கலாம், இன்னொருவர் ரங்கராஜன். கலாம் 1954-இல் பட்டம் வாங்கிய பிறகுதான், இயற்பியல் தன் துறை இல்லை என்று தெரிந்துகொண்டதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அங்கே வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் அவரை இழுத்தன. விமானப் பொறியியலை எடுத்துக்கொண்டார். ரங்கராஜனும் எம்.ஐ.டி.க்குப் போனார். மின்னணுவியல் படித்தார். பெல் எனப்படும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் முன்நின்றார். நடுவில் சுஜாதா என்ற பெயரில் எழுதிய கதைகளை இந்த நூலகத்தில் எடுத்துப் படிக்காதவர் யார்? ஒரே வகுப்பறை, ஒரே பாடம். எங்கெங்கோ போய்விட்டார்கள்.

எம்.எஸ். சுவாமிநாதனின் கதை இன்னும் நேரடியானது. கும்பகோணத்தில் 1925-இல் பிறந்தவர். அப்பா அறுவை மருத்துவர். பிள்ளையும் மருத்துவம் படிப்பார் என்றுதான் குடும்பம் நினைத்தது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1943-இல் வங்கப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அவர் மருத்துவத்தை விட்டுவிட்டு, கோவை வேளாண் கல்லூரியில் இரண்டாவதாக ஓர் இளங்கலைப் பட்டம் படித்தார். அதன்பின் டெல்லியில் தாவர மரபியல். நடுவில் ஐ.பி.எஸ்.ஸுக்கும் தேர்வாகிவிட்டார். நம் வீட்டில் ஒரு பிள்ளை ஐ.பி.எஸ். கிடைத்து வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அவர் மரபியல் ஆய்வுக்காக நெதர்லாந்துக்குக் கப்பல் ஏறினார். பசுமைப் புரட்சி என்ற பெரிய பெயரை நாம் பார்க்கிறோம். கோதுமையில் இரண்டு ரகங்களைக் கலப்பது என்றால் என்ன தெரியுமா? கதிரில் ஒவ்வொரு சிறு பூவையும் பிரித்து, மகரந்தம் பழுக்கும் முன்பே அதன் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகு காகித உறை மாட்டி, சீட்டு எழுதித் தொங்கவிட வேண்டும். ஒரு பூவில் மூன்று பைகள். ஒரு கதிரில் எத்தனையோ பூக்கள். ஒரு வயலில் எத்தனையோ கதிர்கள். போலீஸ் வேலையின் சலிப்பு வேறு, இது வேறு. அவருக்கு இது தாங்கியது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் பட்டம், அமெரிக்காவில் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் எல்லாம் வாங்கிய பிறகு, உயிரியல்தான் தனக்கு வேண்டும் என்று தீர்மானித்து, மறுபடியும் மாணவராக உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலுக்கு. பரிசுக் குழுவுக்கே எந்தப் பெட்டியில் போடுவது என்று குழப்பம் போலிருக்கிறது!

இந்தக் கதைகளை இவ்வளவு நேரம் சொன்னாலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாத் திருப்பமும் சரியான திருப்பமாகத்தான் தோன்றும். துறை மாறி, மாறி, ஒன்றும் கூடி வராமல் போனவர்களின் தன்வரலாறு அச்சாவதில்லை. நூலகத்தில் அவர்களுக்கு அலமாரி கிடையாது. அதனால் கலாம் மாறினார், நானும் மாறுகிறேன் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். என் பெயரையும் இழுக்காதீர்கள். எதிர்ப்பக்கமும் ஓர் ஆள் இருக்கிறார். ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர். அன்றைய எஃப்.ஏ. படிப்பில் எல்லாப் பாடமும் எல்லாரும் படித்தாக வேண்டும். கணிதம் தவிர வேறெதிலும் அவர் மனம் நிற்கவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கும் தோல்வி. பல பாடங்களைச் சுவைத்துப் பார் என்ற ஏற்பாடே அவரை வெளியே தள்ளியது. ஆகவே இன்னது என்று ஏற்கனவே பிடிபட்டுவிட்ட பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். நான் பேசுவது பிடிபடாத மற்றவர்களுக்கு. நம்மில் அவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் கலாம் கதையில் உண்டு. மேடைகளில் அதை உருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. அக்கா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தேடுவதற்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கட்டுகிறார். நம் கல்லூரிகளில் படிப்பவர்களில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஏராளம். மூன்றாம் ஆண்டு முடிந்த மாதமே வீட்டுக்குப் பணம் வர வேண்டும் என்ற நிலையில், ஓர் ஆண்டு சும்மா இருந்து யோசிக்கிறேன் என்று சொல்ல முடியாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் பெரிய உதவி. வளையலுக்கு ஈடு ஆகாது. அதனால்தான் மூன்றாண்டுக்கு உள்ளேயே, செலவில்லாத மூலைகளில் தேட வேண்டும் என்கிறேன்.

அப்படி மூலைகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைத் தொல்லை என்று நினைப்பதுதான் பிரச்சினை.

அலைடு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் மாணவனுக்குக் கணிதமும் வேதியியலும், வரலாற்று மாணவிக்கு அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ வரும். பாஸ் ஆனால் போதும் என்றுதான் படிப்பார்கள். பக்கத்துத் துறை ஆசிரியர், பக்கத்துத் துறை லேப், எல்லாம் நம் கட்டணத்துக்குள்ளேயே கிடைக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

அதைவிட நல்லது என்.எம்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நான்-மேஜர் எலக்டிவ். 2008 வாக்கில் விருப்பத் தேர்வு முறை வந்தபோது சேர்ந்தது. தன் துறைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு துறையில் போய் ஒரு தாள் படிக்க வேண்டும். பெரும்பாலும் வாரம் இரண்டு மணி நேரம். தாவரவியல் துறை காளான் வளர்ப்பு வைப்பார்கள். விலங்கியலில் அலங்கார மீன் வளர்ப்போ மண்புழு உரமோ. தமிழ்த்துறையில் இதழியல், இயற்பியலில் வீட்டு மின்சாதனப் பராமரிப்பு. வணிகவியலில் கணக்குப்பதிவியல் அடிப்படை. அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று நீங்கள் பார்க்க வேண்டும். எந்த வாத்தியார் இன்டர்னலில் தாராளமாக மார்க் போடுவார் என்ற ஒரே ஆராய்ச்சிதான் நடக்கும். அடுத்தது, தோழி எதில் சேர்கிறாள் என்பது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஒரே இடம், இப்படிப் போகிறது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படித்தான், தோழி போனாள் என்று வணிகவியல் தாளுக்குப் போனாள். ஒருநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறை வாசலில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ட்ரையல் பேலன்ஸ் ஒத்துவரவில்லை. பற்றுப் பக்கத்துக்கும் வரவுப் பக்கத்துக்கும் 270 ரூபாய் வித்தியாசம். பஸ் போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோழி இழுக்கிறாள், இவள் அசையவில்லை. வணிகவியல் நண்பர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்பதால வகுபடுதா பாரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 270 ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்பது கணக்குக்காரர்களின் பழைய சூத்திரம். இவள் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். குறிப்பேட்டில் 7,250 என்று இருந்தது பேரேட்டில் 7,520 என்று ஏறியிருந்தது. கண்டுபிடித்ததும் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அடித்துவிட்டுச் சரியாக எழுதினாள். டீ குடித்துத் திரும்பிய நண்பரிடம், “சார், வேற கணக்கு இருக்கா?” என்று கேட்டாள். வரலாற்று வகுப்பில் இரண்டு ஆண்டில் ஒரு தடவைகூட அவள் அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறைத்தது, இருக்கட்டும். பட்டம் முடித்ததும் டேலி கற்றுக்கொண்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பெரிய சம்பளம் என்று சொல்ல முடியாது. மார்ச் மாதக் கடைசியில் ராத்திரி எட்டு மணிவரை வேலை. அலுத்துக்கொண்டே, ஆனால் விடாமல், இருக்கிறாள்.

அதே தாளை எடுத்த இன்னொருவன், இரண்டாவது வாரமே, எண்களோடு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை என்றான். அதுவும் நல்ல செய்திதான். வாரம் இரண்டு மணி நேரச் செலவில் தெரிந்துகொண்டான். வங்கித் தேர்வுக்கு இரண்டாண்டு கோச்சிங் போய், வேலையும் கிடைத்து, முப்பது வயதில் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடி அதைத் தெரிந்துகொள்பவர்களையும் எனக்குத் தெரியும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை வெறுமனே மரம் நடும் திட்டம் என்று பார்க்காதீர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் ஏழு நாள் சிறப்பு முகாம். கிராமத்துப் பள்ளியில் தங்கி, ஐம்பது பேருக்குச் சமைத்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பு எழுதி, ஊராட்சித் தலைவரிடம் அனுமதி கேட்டு, வரவு செலவுக்கு ரசீது சேர்த்து என்று ஏழு நாளில் ஏழு விதமான வேலை இருக்கும். யார் எதை நோக்கித் தானாகவே போகிறார்கள் என்று திட்ட அலுவலர்கள் நன்றாகக் கவனித்திருப்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன், அரைமணி நேரத்தில் அந்த ஊர்ப் பாட்டிகள் அத்தனை பேருக்கும் பேரனாகிவிடுவான். அவன் சமூகப்பணி படிக்கலாம் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு வெளியிலும் காசில்லாமல் பார்க்க முடியும். ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் இந்த அறையில் இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். நல்லது, நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தீர்களா, கைகள் இறங்கிவிட்டன. ஒரு திங்கட்கிழமை போங்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, திரும்பவும் பட்டா மாறுதல். ஒவ்வொரு மனுவையும் வாங்கி, கேட்டு, உரிய அலுவலருக்குக் குறிப்பெழுதி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாற்காலியின் சலிப்பு அதுதான். சட்டம் படிக்க ஆசை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான் நடக்கிறது. சத்தம் போடாமல் பின்வரிசையில் உட்காரலாம். சினிமாவில் பார்த்த மேஜை தட்டல் எதுவும் இருக்காது. வழக்கு எண்ணைக் கூப்பிடுவார்கள், வாய்தா, அடுத்தது. ஒரு முழு முற்பகல் உட்கார்ந்த பிறகும் அந்த உலகம் உங்களை இழுத்தால், நீங்கள் போகலாம்.

தேடல் என்ற பெயரில் இப்போது சான்றிதழ் சேர்ப்பதும் ஒரு வியாதியாகி வருகிறது. நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து கல்லூரிகளில் திறன் வகுப்புகள் பெருகியிருக்கின்றன, நல்ல விஷயம். ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசம்; தேர்வெழுதினால்தான் கட்டணம். அதாவது தேர்வெழுதாமலே எந்தத் துறையிலும் முதல் நான்கு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள்: வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு, விடையை வாட்ஸப்பில் வாங்கி எழுதிச் சான்றிதழை வாங்குகிறார்கள். பயோடேட்டா நீளமாகிறது. அந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்பது மட்டும் தெரியாமலே போகிறது.

எவ்வளவு காலம் தேடலாம் என்று ஒரு தகப்பனார் நான் உள்ளே வரும்போதே கேட்டார். மூன்றாண்டுப் படிப்பு என்றால் நான்காம் செமஸ்டர் வரை. ஐந்தாவதில் மேஜர் தாள்கள் நெருக்கும், ப்ராஜெக்ட் வரும்; அப்போது இருக்கிற பாடத்தில் ஆழமாக இறங்கத்தான் வேண்டும். அரியர் வைத்துக்கொண்டு நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பொருந்தாத பாடமாக இருந்தாலும் பட்டத்தை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பட்டத்துக்குப் பிறகு நிறையக் கதவுகள் திறக்கின்றன. மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ., சமூகப்பணி, நூலக அறிவியல், இவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். நம் நூலகர் விலங்கியல் பட்டதாரி என்பது உங்களுக்குத் தெரியுமா? குரூப்-1, குரூப்-2 தேர்வுகளும் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும் என்கின்றன. எம்.சி.ஏ.வுக்குச் சில இடங்களில் கணிதம் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இறங்கக் கூடாது. ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் படித்துவிட்டு, பி.எட்.டும் முடித்துவிட்டு, அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இரண்டிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் போய் முட்டிக்கொள்கிறார்கள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், கண் கலங்கி வந்து நின்றிருக்கிறார்கள். ஆசிரியர் வேலைதான் குறி என்றால், முதுகலைக்கு மாறும் முன்பே தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நூலகத்திலேயே கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. முதல் செமஸ்டர் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்து, “எனக்கு இந்தப் படிப்பு ஒத்து வரல” என்று சொல்லும். திட்டாதீர்கள், உடனே ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். எது ஒத்து வரவில்லை என்று கேளுங்கள். பாடமா, வாத்தியாரா, ஹாஸ்டல் சாப்பாடா, ஆங்கிலமா? தமிழ்வழியில் பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளை, இயற்பியலோ பொருளாதாரமோ ஆங்கிலத்தில் கேட்கும்போது, முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியாது. புரியாததைப் பிடிக்காதது என்று தப்பாக எடுத்துக்கொண்டு துறையையே விட்டுப் போன கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. எத்தனை நல்ல இயற்பியல்காரர்களை இப்படி இழந்தோமோ! பல அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டமும் 2010-லிருந்து இருக்கிறது. ஆங்கிலம்தான் தடை என்றால் மாற்ற வேண்டியது மொழிவழியை, பாடத்தை அல்ல. ஆகவே முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். அடுத்த என்.எம்.இ. பட்டியல் ஒட்டும்வரை பொறுங்கள். ஒட்டிய அன்று பிள்ளையிடம் எதை எடுத்தாய் என்று கேளுங்கள். யாரோடு சேர்ந்து எடுத்தாய் என்றும் கேளுங்கள்.

நூலகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கையைத் தூக்கிய ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் முதலில்.